லுவேனி என்ற சொல்லின் பிறப்பு

எல்வர்கள் என்று யாரும் எங்கும் இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் வருகிற பெரிய மனிதர்கள் எவருக்கும் இதைச் சொல்லும் தைரியம் கிடையாது.

நீண்ட காதும் மெலிந்த உடம்புமாக மரத்தின்மேல் குடியிருக்கும் அந்த வனமாந்தரை, நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கதை எழுதுவதற்காகக் கற்பனை செய்தார். கற்பனை செய்தோமா, விட்டோமா என்று இல்லாமல், மதியத்தில் தூக்கம் வராத குறைக்கு, அவர்கள் பேசுவதற்கென்று ஒரு மொழியையும் செய்தார். நாற்பது பக்க நோட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்கள். பிறகு செத்துப்போனார். கதையை எழுதவே இல்லை.

அரசாங்கத்துக்கு அந்தச் சமயம் பார்த்து ஒரு மொழி தேவைப்பட்டது. இருக்கிற மொழிகளில் எதைச் சீராட்டினாலும் மற்ற மொழிக்காரர்கள் மல்லுக்கு வந்தார்கள். யாருமே பேசாத மொழியைச் சீராட்டினால் யாருக்கும் மனக்கசப்பு வராது என்று, அந்த நோட்டு கைக்குக் கிடைத்த ஒரு புத்திசாலி அதிகாரி குறிப்பு எழுதினார். அப்படி உண்டானதுதான் எல்வ மொழிச் சொற்பிறப்பு ஆணையம். நான்கு மாடிக் கட்டடம், முன்னால் தோட்டம், இருநூற்றுப் பதினாறு ஊழியர்கள். இருந்த சொற்களைப் பங்கு போட்டால் ஆளுக்கு ஒன்றரைகூடத் தேறாது. ஆகவே சொற்கள் பெருகின. ஆணையம் வெளியிட்ட பேரகராதியில் பதினெட்டாயிரம் சொற்கள் இருந்தன. எப்படிப் பெருகின என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவற்றில் நாற்பத்தோரு சொற்கள் வந்த வழி மட்டும் ஒருவருக்குத் தெரியும். அகராதியை அச்சிட்ட அச்சகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து பக்கம் கட்டுகிற வேலை அவருக்கு. எல்லோரும் பக்கக்காரர் என்றே கூப்பிட்டார்கள்.

அகராதியின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பத்திகள். இடப் பத்தியும் வலப் பத்தியும் அடியில் ஒரே மட்டத்தில் முடிய வேண்டும் என்பது ஆணையத்தின் கட்டளை. ஒரு வரி ஏறினாலும் இறங்கினாலும் பக்கம் சிவப்பு மையோடு திரும்பி வரும். மற்ற புத்தகமாக இருந்தால் ஒரு வாக்கியத்தை இழுத்தோ சுருக்கியோ ஒப்பேற்றிவிடலாம். இங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு புள்ளியைத் தொட்டாலும் குற்றம். இரண்டு மாதம் மல்லாடிப் பார்த்த பக்கக்காரர், ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வலப் பத்தி ஒரு வரி குறைந்து நின்றபோது, தாமே ஒரு சொல்லைச் செய்து அங்கே உட்காரவைத்தார். இருக்கிற சொல்லைத் தொடக் கூடாது என்றுதானே சொன்னார்கள்? இல்லாத சொல்லைச் சேர்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. பக்கம் ஒரு திருத்தமும் இல்லாமல் திரும்பி வந்தது. ஓரத்தில் ‘மிக நன்று’ என்று எழுதியிருந்தது.

பிறகு எந்தப் பத்தி குறைந்தாலும் அதே வைத்தியம்தான். அப்படிச் செய்த நாற்பத்தொன்றில் ஒன்று மட்டும் அவருக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று. லுவேனி: இலையிலிருந்து நீர் சொட்டும் ஓசை. அதை உட்காரவைத்த வாரத்தில் அவர் மனைவி பெண் குழந்தை பெற்றாள். தச்சராக இருந்திருந்தால் தம் கையால் ஒரு தொட்டில் செய்து போட்டிருப்பார். பக்கம் கட்டுகிறவருக்குக் கையால் செய்ததென்று வேறென்ன இருக்கிறது? குழந்தைக்கு லுவேனி என்று பெயர் வைத்தார். அந்த ஆசைதான் வினையாய் முடிந்தது.

குழந்தைக்கு ஒன்றரை வயதானபோது, பாத்திரம் கீழே விழுந்தாலும் அவள் தூங்குவதைப் பார்த்து அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு டாக்டரைப் பார்க்க ஓடினாள். மருத்துவமனையில் சோதித்துப் பார்த்துவிட்டு, இரண்டு காதும் கேட்கவில்லை என்றார்கள். காதுக்குள் கருவி பொருத்தும் அரசாங்கத் திட்டம் ஒன்று இருந்தது. பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். முறை வந்தபோது அவளுக்கு நாலு வயது முடிந்து நாலு மாதம்.

“அஞ்சு முடியறதுக்குள்ள பொருத்திடணும்,” என்றார் டாக்டரம்மா. “அதுக்கு மேல திட்டத்துல எடுக்க மாட்டாங்க. எடுத்தாலும் பிரயோஜனம் கம்மி. சத்தம் கேக்கும், ஆனா அது பேச்சுன்னு மூளைக்குப் பிடிபடாது.”

“எட்டு மாசம் இருக்கு இல்லீங்களா?” என்றார் பக்கக்காரர்.

“தாராளமா இருக்கு. பிறப்புச் சான்றிதழ் மட்டும் கொண்டு வாங்க.”

வீட்டிலிருந்த சான்றிதழை எடுத்துப் பார்த்தபோதுதான், பெயருக்குப் பக்கத்தில் ‘தற்காலிகம்’ என்று ஒரு முத்திரை இருப்பது கண்ணில் பட்டது. பதிவு அலுவலகத்தில் விசாரித்தார். எல்வச் சொல்லைப் பெயராக வைத்தால், அந்தச் சொல்லின் பிறப்பை ஆணையம் உறுதி செய்ய வேண்டுமாம். சொல்லுக்குப் பிறப்புச் சான்று வந்தால்தான் பிள்ளைக்குப் பிறப்புச் சான்று.

“அவ்வளவுதானே,” என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். “அந்தச் சொல்லு எங்க பிறந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?”

சீருடை தைக்கும் இடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் மனைவி. “உங்களுக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியணுமே,” என்றாள்.

அவர்கள் குடியிருந்தது பலகைத் தரை போட்ட பழைய மாடி அறை. குழந்தை முதுகைக் காட்டி விளையாடிக்கொண்டிருந்தது. சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் அம்மா தரையில் இரண்டு தரம் காலால் தட்டுவாள். பலகை அதிரும், பிள்ளை திரும்பும், சிரித்துக்கொண்டே ஓடிவரும். கீழ் வீட்டுக்காரர் ஒருமுறை, தலையில் தூசி கொட்டுகிறது என்று சண்டைக்கு மேலே வந்தார். காரணத்தைக் கேட்டதும் மறுபேச்சுப் பேசாமல் இறங்கிப் போனார். இந்தக் கதையில் வரும் வெளி மனிதர்களில் விதி எதையும் மேற்கோள் காட்டாதவர் அவர் ஒருவர்தான்.

ஆணையத்தின் மூன்றாம் எண் கவுன்ட்டரில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் இருந்தார். பக்கக்காரர் எழுதிக்கொண்டுபோன விண்ணப்பத்தை விரல் படாமல் பேனா முனையால் திருப்பித் தள்ளினார்.

“எல்வ மொழியில எழுதிட்டு வாங்க.”

பக்கக்காரருக்கு அது கஷ்டமில்லை. பதினெட்டாயிரம் சொற்களையும் பக்கம் கட்டியவர் ஆயிற்றே. மறுநாள் எழுதிக்கொண்டு போனார்.

“மேல ‘விண்ணப்பம்’னு போடலையே?”

“அதுக்கு எல்வ மொழியில சொல்லே இல்லீங்களே, அம்மா.”

“இல்லதான். எல்வருங்க யார்கிட்டயும் எதையும் கேட்டு நின்னதா ஆதாரம் இல்ல. அதனால அந்தச் சொல்ல உண்டாக்கலாமா வேணாமான்னு ஒரு குழு பாத்துட்டு இருக்கு. ஒம்பது வருஷமா.”

“அப்ப இதுவரைக்கும் யாரு விண்ணப்பம் குடுத்தாங்க?”

“யாரும் குடுக்கல. குடுக்க முடியாதே.” அந்த அம்மாளுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. “இந்த கவுன்ட்டர்ல ஒரு பாக்கிகூட கிடையாது, பாத்துக்கோங்க.”

பக்கக்காரர் நடையாய் நடந்தார். அச்சகத்தில் விடுப்புச் சொல்லிச் சொல்லி அவருக்கே கூசியது. பத்தாம் தடவை கவுன்ட்டர் முன்னால் நின்று, பிள்ளையின் படத்தை எடுத்துக் காட்டி, வாய்விட்டு அழுதார். கூட்டம் பார்க்கிறதே என்ற வெட்கம்கூட அவருக்கு இல்லை. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தாழ்ந்த குரலில், “பேரு என்னன்னு சொன்னீங்க?” என்றார்.

“லுவேனி.”

அம்மாள் எழுந்தே நின்றுவிட்டார். “இத மொதல்லயே சொல்லக் கூடாதா? லுவேனிக்கு விண்ணப்பம் எல்லாம் வேணாங்க. அதுக்குன்னு தனிப் பிரிவே இருக்கு. நேரா தலைவர்கிட்டப் போங்க.”

மூன்றாம் மாடி முழுக்க அந்தச் சொல்லுக்குத்தான். ‘லுவேனி அரங்கம்’ என்று பித்தளையில் பலகை அடித்திருந்தார்கள். எல்வர்கள் மரத்தின்மேல் வாழ்ந்தவர்கள் என்பதற்காக அரங்கத்துக்கு மரத்தரை போட்டிருந்தார்கள். ஆண்டுதோறும் லுவேனிச் சொற்பொழிவு நடக்கிறதாம். அந்தச் சொல்லை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர்கள் ஏழு பேராம். ஒரு மதியம், ஒரு வரி குறைந்ததற்காகத் தாம் தட்டிப்போட்ட சொல், இப்படி மாடி வைத்துக் கட்டிக்கொண்டு வாழ்வதைப் பார்த்துப் பக்கக்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அது நன்றாக வாழ்கிறதே, என் பிள்ளைக்கும் ஒரு வழி விடாதா என்றுதான் தோன்றியது.

தலைவர் அவரை உட்காரச் சொல்லிக் கைகுலுக்கினார். வெள்ளைத் தலை, கனிந்த குரல், மேசையில் ஒரு காகிதமும் இல்லை.

“லுவேனி! எங்க ஆணையத்தோட கண்ணு அது,” என்றார். “மத்த பதினெட்டாயிரம் சொல்லும் ஒரு தட்டு, அது ஒரு தட்டு. அப்படி ஒரு தொன்மை. அதை இன்னிக்கு நேத்து யாராவது உண்டாக்கியிருக்க முடியுமா, சொல்லுங்க? முடியவே முடியாது. ஆனா பாருங்க, அதோட பிறப்புலதான் ஒரு சின்ன சிக்கல்.”

சிக்கல் இதுதான். வேர்ப் பிரிவினர், அது நீரைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது என்றார்கள். ஒட்டுப் பிரிவினர், அது இலையைக் குறிக்கும் ஒட்டிலிருந்து வந்தது என்றார்கள். இரண்டு பிரிவும் நாலு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. லிஃப்டில்கூட ஒன்றாக ஏறுவதில்லை. வேர்ப் பிரிவுக்குத் தலைவரே தலைவர். ஒட்டுப் பிரிவுக்கு ஒரு பேராசிரியர். குள்ளமான மனிதர், சட்டைப் பையில் நாலு பேனா. அவரும் கூப்பிட்டனுப்பி, பக்கக்காரரை அரை நாள் உட்காரவைத்துப் பேசினார். பேசி முடித்ததும், “உங்க குழந்தை இலை பக்கமா, தண்ணி பக்கமா? பழக்கவழக்கத்துல எது தெரியுது?” என்று கேட்டார்.

“ரெண்டுலயும் விளையாடுதுங்க,” என்றார் பக்கக்காரர்.

“அப்படி மழுப்பக் கூடாது,” என்றார் பேராசிரியர் வருத்தத்துடன்.

நான்கு மாதம் இப்படியே போயிற்று. டாக்டரம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தார். “நான் எழுதிக் குடுத்தாலும் மிஷின் ஏத்துக்காதுங்க. தற்காலிகம்னு இருந்தாலே தள்ளிடுது,” என்று அவரும் கையை விரித்தார். வெளியில் பணம் கட்டிப் பொருத்திக்கொள்ள, இன்னும் இரண்டு தலைமுறைக்கு உழைத்தாலும் முடியாது.

“வேற பேரு வைங்க,” என்றாள் மனைவி. “ஏதாவது ஒரு பேரு. அவ என்ன கேக்கவா போறா? கேக்கறதுக்குத்தானே இவ்வளவும்.”

போய்ச் சொன்னார். முடியாது என்று தலைவர் தலையை ஆட்டினார். “பழைய பேர நீக்கணும்னா, நீக்கற பேரு எதுன்னு நிச்சயமாத் தெரியணும். அதோட பிறப்பு முடிவானாத்தானே அது எதுன்னு தெரியும்? பிறப்பு தெரியாத ஒண்ண எப்படி நீக்கறது?”

அன்று வீடு திரும்பிய பக்கக்காரர் சோற்றைத் தொடவில்லை. மனைவி அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“ஏங்க, உண்மையச் சொல்லிடுங்க.”

“வேலை போயிடும்.”

“போகட்டும். நான் கூட ரெண்டு மணி நேரம் தைக்கறேன். அவளுக்கு வயசு போயிடுச்சுன்னா அத நான் எங்க போய்த் தைக்கறது?”

மறுநாள் தலைவர் முன்னால் நின்று, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பத்தி குறைந்தது, சொல்லைச் செய்தது, இலை, நீர், ஓசை, நாற்பத்தொன்று. “இதாங்க அதோட பிறப்பு. தண்ணியும் இல்ல, இலையும் இல்ல. ஒரு வரி குறைஞ்சுது. நான்தான் போட்டேன். என்ன வேணா பண்ணுங்க. பிள்ளைக்கு மட்டும் சான்று குடுத்துடுங்க, ஐயா.”

தலைவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். கோபப்படவே இல்லை. ரொம்பப் பரிவோடு பேசினார்.

“தம்பி, நோட்டுப் புத்தகத்துல இருந்தது முந்நூத்துப் பன்னண்டு. இப்ப பதினெட்டாயிரம். மிச்சமெல்லாம் எங்க இருந்து வந்துச்சுன்னு நினைக்கறீங்க? நான் கேட்டதே இல்ல. எனக்கு முன்னாடி இருந்தவரும் கேக்கல. சொல்லு எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்கறது எங்க வேலை இல்ல. சொல்லோட பிறப்ப ஆராயறதுதான் எங்க வேலை. ரெண்டும் வேற வேற. புரியுதா?”

பக்கக்காரருக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினார்.

“இப்ப நீங்க சொன்னத நான் எழுத்துல வாங்கினேன்னு வைங்க. லுவேனின்னு ஒரு சொல்லே இல்லன்னு ஆயிடும். மூணாம் மாடிய இடிக்கணும். ஏழு பேரு பட்டத்தத் திருப்பிக் குடுக்கணும். அதையும் விடுங்க. உங்க பொண்ணு பேரில்லாத குழந்தை ஆயிடுவா. பேரில்லாத குழந்தைக்கு விசாரணை மூணு வருஷம். வேணுமா?”

“வேணாங்க.”

“அப்ப நீங்க ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல. உங்களுக்காக ஒரு வழி இருக்கு. விதி எழுபத்தேழு. அழைப்புச் சோதனை.”

ஒரு சொல்லின் பிறப்பில் கருத்து வேறுபாடு இருந்தால், அந்தச் சொல் உயிரோடு வழங்குகிறதா என்று பார்த்தே சான்று தரலாம் என்று விதி எழுபத்தேழு சொன்னது. பெயரைத் தாங்கியவர் குழுவின் முன்னால் வர வேண்டும். முதுகுக்குப் பின்னாலிருந்து மூன்று முறை பெயர் சொல்லி அழைப்பார்கள். மூன்று முறையும் திரும்பிப் பார்த்துவிட்டால் அன்றைக்கே சான்று கையில்.

பக்கக்காரர் கையைக் கூப்பினார். “ஐயா, அவளுக்குக் காது கேக்காதுங்க. அதுக்குத்தானே இந்தச் சான்றே கேக்கறேன்.”

“அதுக்கு விதியில இடமில்லையே,” என்றார் தலைவர். “எல்வர்கள்ல காது கேக்காதவங்க இருந்ததா ஆதாரமே கிடையாது. அவங்க காது எவ்வளவு நீளம், யோசிச்சுப் பாருங்க.”

சோதனைக்கு நாள் குறித்தார்கள். அந்த நாளில் குழந்தைக்கு ஐந்து வயது முடியப் பதினொரு நாள் பாக்கி இருக்கும்.

பக்கக்காரர் பாதிப் படி இறங்கினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போது மேலே அரங்கத்தில் ஊழியர் ஒருவர் புத்தக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். உட்கார்ந்திருந்த படி வரைக்கும் பலகை கிடுகிடுவென்று அதிர்ந்தது. பக்கக்காரர் நிமிர்ந்தார். அத்தனை மாதத்தில் முதல்முறையாக அவர் மனதில் சின்னதாய் ஒரு நம்பிக்கை எட்டிப் பார்த்தது.

“ரொம்ப மெதுவாத் தட்டணும்,” என்று மனைவியிடம் சொன்னார். “செருப்பு வேணாம். வெறும் குதிகாலால. தலைவர் வாயத் திறந்ததும் நீ தட்டிடு.”

சோதனைக்கு நடுவில் இருந்த பத்து நாளும் வீட்டில் அதே ஒத்திகைதான். அவர் தலைவரைப் போல நின்று கூப்பிடுவார். அவள் ஒன்றும் தெரியாத முகத்தோடு குதிகாலை லேசாக இறக்குவாள். குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். அப்பாவும் அம்மாவும் எதற்கு இத்தனை தடவை கூப்பிடுகிறார்கள் என்று அதற்கு விளங்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சளைக்காமல் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது.

சோதனை நாளில் லுவேனி அரங்கத்தில் பதினொரு உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஐந்து பேர் வேர், ஐந்து பேர் ஒட்டு, நடுவில் தலைவர். குழந்தையைச் சன்னலைப் பார்த்து நிற்கவைத்தார்கள். புதுச் சட்டை போட்டு, தலை வாரி, ஒற்றைப் பின்னல் பின்னிவிட்டிருந்தாள் அம்மா. அவள் கதவோரம் வெறுங்காலோடு நின்றாள். பக்கக்காரர் எதிர்ச் சுவரோரம் போய் நின்றார்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அழைத்தார். “லுவேனி!”

குழந்தை திரும்பியது. பதினொரு பேனாவும் எழுதின.

மறுபடி சன்னல் பக்கம் திருப்பி நிறுத்தினார்கள். “லுவேனி!”

திரும்பியது. இப்போது அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரிக்கவும் செய்தது. இன்னும் ஒன்று, ஒன்றே ஒன்று என்று பக்கக்காரர் கைகளைப் பிசைந்தார். அந்த நேரம் பார்த்தா ஒட்டுப் பிரிவுப் பேராசிரியரின் பேனா கீழே விழ வேண்டும்? எடுக்கக் குனிந்தவர் அப்படியே குனிந்தபடி இருந்தார். மேசைக்கு அடியிலிருந்து பார்த்தால் கதவோரம் நிற்பவளின் கால் நன்றாகத் தெரியும்.

“அம்மா,” என்றார் அவர் நிமிர்ந்து, மிக மரியாதையாக. “நீங்க கொஞ்சம் வெளிய நிக்கறீங்களா?”

அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள்.

“லுவேனி!” என்றார் தலைவர். குழந்தை சன்னல் வெளிச்சத்தில் மிதந்த தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தது. “லுவேனி!” என்று இரைந்தார். அது தூசியைப் பிடிக்கக் கையை நீட்டியது. வேர்ப் பிரிவினர் ஐந்து பேரும் எழுந்து நின்று ஒரே குரலில் கூப்பிட்டார்கள். பத்தி முடிகிற இடத்தில் ஒரு வரி குறைந்ததற்காகப் பிறந்த சொல், பெரிய மனிதர்களின் வாயிலிருந்து புறப்பட்டு அரங்கம் முழுக்க முழங்கியது. அதைக் கேட்க வேண்டிய ஒரே ஆளுக்கு மட்டும் கேட்கவில்லை.

“அவளுக்குக் கேக்காதுங்க!” பக்கக்காரர் கத்திவிட்டார். “எத்தனை தடவ சொல்றது? கேக்காதுங்க! கேக்கணும்னுதான் வந்து நிக்கறோம். உங்க கால்ல விழறேன், ஒரு கையெழுத்துப் போடுங்க, ஐயா!”

விழவும் செய்தார். தலைவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, இது நடவடிக்கைக் குறிப்பில் வர வேண்டாம் என்றார்.

கதவுக்கு அப்பால் இதெல்லாம் கேட்டுக்கொண்டு நின்ற அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஒளித்து மறைத்துத் தட்டியதெல்லாம் போதும் என்று, தன் பலம் முழுவதையும் காலில் இறக்கித் தரையில் ஓங்கி இரண்டு உதை விட்டாள். அரங்கத்தின் பலகை அதிர்ந்தது. மேசைமேல் தண்ணீர் தம்ளர்கள் ஆடின. குழந்தை வெடுக்கென்று திரும்பி, தலைவரைத் தாண்டி, காலடியில் கிடந்த அப்பாவைத் தாண்டி, கதவைப் பார்த்து ஓடியது.

பேராசிரியர் மெல்ல எழுந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“ஐயா,” என்றார் தலைவரைப் பார்த்து. நாலு வருடத்தில் அவரிடம் பேசிய முதல் சொல் அது. “குழந்தை திரும்பினது லுவேனிங்கற சொல்லுக்கு இல்ல. அந்த ஓசைக்கு. அப்ப அதுதான் அவ பேரு.”

“எழுத்தே இல்லாத பேரு,” என்றார் தலைவர். அவர் குரலும் தழுதழுத்தது. “எழுத்துக்கு முந்தின சொல்லு. மூல எல்வம். இதுக்காகத்தானே நாம இத்தனை வருஷமா சம்பளம் வாங்கிட்டு இருக்கோம்!”

வேரும் ஒட்டும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். அங்கேயே தீர்மானம் எழுதினார்கள். லுவேனி என்பது இந்தக் குழந்தையின் பெயர் என்று நிறுவப்படவில்லை. குழந்தையின் உண்மைப் பெயர், தரையில் இரு முறை தட்டுதல். அந்தச் சொல்லின் பிறப்பை ஆராய இரண்டு பிரிவும் சேர்ந்து ஒரு துணைக்குழு. காலம், தொண்ணூறு நாள்.

“பதினோரு நாள்தாங்க இருக்கு,” என்றார் பக்கக்காரர் தரையில் உட்கார்ந்தபடியே.

“வாழ்த்துக்கள்,” என்று தலைவர் அவர் தோளைத் தட்டினார். “உங்க பொண்ணு சரித்திரத்துல இடம் பிடிச்சுட்டா.”

அதற்குள் உறுப்பினர்கள் ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு முறை தட்டினார். இன்னொருவர் சன்னலோரம் போய்த் தட்டினார். குதிகாலா, முன்காலா, அழுத்தம் முதல் தட்டிலா இரண்டாவதிலா என்று ஆளுக்கொரு மூலையில் தட்டிப் பார்த்தார்கள். கதவருகே போய்விட்ட குழந்தை திரும்பியது. யாரோ கூப்பிடுகிறார்கள். இந்தப் பக்கம் இரண்டடி ஓடியது. இப்போது அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுகிறார்கள். அங்கே ஓடியது. நாலு திசையிலும் யார் யாரோ அம்மாவைப் போலவே கூப்பிட, எங்கே போவதென்று தெரியாமல் நடு அரங்கத்தில் சுற்றிச் சுற்றி நின்று, கடைசியில் இரண்டு கையையும் தரையில் ஊன்றி உட்கார்ந்து, அழத் தொடங்கியது. பக்கக்காரர் தவழ்ந்துபோய் அதை வாரி எடுத்துக்கொண்டார்.

பதினோராம் நாள் குழந்தைக்கு ஐந்து வயது முடிந்தது. டாக்டரம்மா, மிஷின் அந்தப் பெயரை வரிசையிலிருந்து தானாகவே எடுத்துவிட்டது என்று காட்டினார். அவருக்கும் வருத்தம்தான்.

ஆணையம் சொன்ன சொல் தவறவில்லை. தொண்ணூறாம் நாள் சான்று தபாலில் வந்தது. பெயர் என்ற இடத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்கள். கீழே பதினோரு கையெழுத்து. இந்த முறை தற்காலிகம் என்ற முத்திரை இல்லை.

அடுத்த மாதம் பேரகராதியின் பின்னிணைப்பு அச்சகத்துக்கு வந்தது. பக்கக்காரரிடம்தான் கொடுத்தார்கள். அவர் வீட்டில் இப்போதெல்லாம் தரையை மெதுவாகத் தட்டினால் குழந்தை திரும்புவதில்லை. அது அம்மாதானா என்று சந்தேகம் வந்துவிட்டது போல. கிட்டே போய்த் தோளைத் தொட வேண்டியிருக்கிறது. அதை நினைத்துக்கொண்டே கடைசிப் பக்கத்தைக் கட்டினார். இடப் பத்தியின் அடியில் அந்தப் புதுச் சொல் இருந்தது. சொல்லுக்கு வெற்றிடம், பிறகு பொருள்: எல்வர் தம் குழந்தையை அழைக்கும் ஓசை.

வலப் பத்தி ஒரு வரி குறைந்தது.

பக்கக்காரர் விசைப்பலகையை முன்னால் இழுத்தார். வேலை போனால் போகட்டும், இதைப் படித்துவிட்டு அவர்களில் ஒருவராவது ராத்திரி தூங்காமல் புரளட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வரி அடித்தார். லுவேனி: தன் பெயரை ஒருமுறைகூடக் கேட்டிராத ஒரு பெண் குழந்தை.

இரண்டு பத்தியும் ஒரே மட்டத்தில் முடிந்தன. பக்கத்தை ஆணையத்துக்கு அனுப்பிவிட்டு, கடிதம் வரும், ஆள் வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே நான்கு நாள் வேலை செய்தார். ஐந்தாம் நாள் பக்கம் ஒரு திருத்தமும் இல்லாமல் திரும்பி வந்தது. ஓரத்தில் ‘மிக நன்று’ என்று எழுதியிருந்தது.